மெல்விலுக்குச் சிரிக்கத் தெரியாதாம்!

ஹெர்மன் மெல்விலின் 'மோபி டிக்' நாவலைப் பற்றி, அதைப் படித்தவர்களைக் காட்டிலும் படியாதவர்களே அதிகமாக அபிப்பிராயம் கூறிவருகிறார்கள். பழிவெறி கொண்ட ஒரு கப்பல் தலைவனைப் பற்றிய, ஆதியந்தம் இருள் சூழ்ந்த, சிரிப்புக்கு லவலேசமும் இடமில்லாத சோக காவியம் அது என்பதே அந்த அபிப்பிராயத்தின் சாரம். அமெரிக்க இலக்கியத்தில் ஹாஸ்யம் மார்க் ட்வெயினுக்கு, சோகம் மெல்விலுக்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரமே எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டார்கள்.

1851-இல் வெளிவந்த அந்நூலின் 135 அத்தியாயங்களில் எத்தனையை இவர்கள் தாண்டினார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கப்பல் தலைவன் ஆஹாப் கண்முன் தோன்றுவதே 28-ஆம் அத்தியாயத்தில்தான். அதுவரை கதை சொல்லும் இஷ்மேல் நடத்துவது பெரும்பாலும் பிரஹசனமே. நாண்டக்கெட் துறைமுகத்தில் அவனை வேலைக்கு அமர்த்தும் பில்டாட் என்னும் பக்திமானான கிழவர், பூமியில் பொக்கிஷம் சேர்க்கலாகாது என்ற வேதவாக்கியத்தை முணுமுணுத்தபடியே, இந்தப் பிள்ளைக்கு லாபத்தில் 777-இல் ஒரு பங்கு போதும் என்று தீர்ப்பளிக்கிறார். கூட்டாளி பெலெக் கூச்சலிட்டுச் சண்டை பிடித்த பிறகே அது 300-இல் ஒன்றாகிறது. மெல்வில் இங்கே ஒரு வார்த்தையும் கண்டிப்பதில்லை. உதடு ஜபிப்பதையும் மனம் கணக்கிடுவதையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

'திமிங்கில சாஸ்திரம் வரும் பகுதிகளைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்' என்று உபதேசிக்கும் மகானுபாவர்கள் வேறு இருக்கிறார்கள். அச்சுக்கூடத்தார் புஸ்தகங்களைத் தாளின் மடிப்புக்கேற்பப் பிரிப்பதுபோலத் திமிங்கிலங்களைப் பெரிய நூல், நடுத்தர நூல், சிறு நூல் என்று இஷ்மேல் வகைப்படுத்துவதும், விஞ்ஞானி லின்னேயஸ் மறுத்தாலும் திமிங்கிலம் மீன்தான் என்று சாதித்து, அதன் வயிற்றுக்குள் இருந்துவந்த யோனா தீர்க்கதரிசியையே சாட்சிக்கு அழைப்பதும் அங்கேதான். முகத்தில் சலனமின்றிச் செய்யும் பரிகாசத்தைப் பாடமென்று எண்ணிக் கொட்டாவி விட்டால், குற்றம் ஆசிரியருடையதா?

'சரி, சோகத்தின் பாரம் குறைய இடையிடையே கொஞ்சம் விகடம்' என்று சமாதானம் சொல்வோரையும் நான் ஏற்பதற்கில்லை. இந்நூலில் நகை, ஆஹாபின் வெறியை அளக்கும் அளவுகோல். முதல் வேட்டையிலேயே படகு கவிழ்ந்து, நடுக்கடலில் நனைந்து பிழைத்த இஷ்மேல், இப்படி அடிக்கடி நேர்வதுண்டா என்று சகாக்களிடம் மிக நிதானமாக விசாரித்துவிட்டு, உயில் எழுதக் கீழே இறங்குகிறான். கடல் வாழ்வில் அது அவனுடைய நான்காவது உயில்! பிரபஞ்சமே தன்னை வைத்து வேடிக்கை செய்கிறது என்று அவன் கொள்ள, ஆஹாபோ ஒரு பிராணியின் கடியைத் தன் ஆன்மாவுக்கு இழைக்கப்பட்ட அவமானமாகக் கொள்கிறான்.

நூறாவது அத்தியாயத்தைப் பாருங்கள். ஆஹாபைக் கடித்த அதே வெள்ளைத் திமிங்கிலத்தால் ஒரு கையை இழந்த பூமர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், தந்தத்தாற் செய்த கையை நீட்டி, தந்தக் காலுடைய ஆஹாபை வரவேற்கிறார். தம் அங்கம் போன கதையை அவர் சொல்லச் சொல்ல, வைத்தியர் பங்கர் குறுக்கிட, தினந்தோறும் இரவில் தம்மோடு சேர்ந்து ரம் அருந்தியவர் இவரென்று பூமர் போட்டுடைக்க, தாம் மதுவைத் தொடாதவர் என்று பங்கர் பிரமாணம் செய்ய, இருவருமாக அந்த விபத்தை ஒரு விருந்துக் கதையாக்கிவிடுகிறார்கள். மீண்டும் அத்திமிங்கிலத்தைத் துரத்துவீரா என்றால், ஒரு கை போனது போதாதா என்கிறார் பூமர். ஒரே பிராணி, ஒரேவிதமான நஷ்டம். ஒருவர் சிரித்துப் பிழைக்கிறார், மற்றவன் அது எத்திசை சென்றது என்று மட்டும் கேட்கிறான். இந்தச் சிரிப்பு பக்கத்தில் இல்லாவிட்டால் ஆஹாபின் பைத்தியத்தை மகிமை என்றே வாசகன் கொண்டாடிவிடுவான், கொண்டாடியும் வருகிறான்.

அப்போது பங்கர், இம்மனிதருடைய இரத்தம் கொதிநிலையில் இருக்கிறது என்று கூறி, சத்திரக் கத்தியுடன் ஆஹாபை நெருங்கித் தள்ளுண்டு விழுகிறார். அந்த இடத்தைப் படித்தும் இதழ்க்கடை அசையாத விமர்சகர்களுக்கு, அதே வைத்தியரைக் கொண்டு நாடி பார்ப்பதே உசிதம்.