பழைய ஒயின், புது ஒயின் – என் ஓட்டு யாருக்கு?

"வயசாக ஆக ஒயின் மாதிரி" என்று நம்ம ஊரிலும் இப்போது நடிகர்களைப் புகழ ஆரம்பித்துவிட்டார்கள். புகழ்கிறவர்களில் எத்தனை பேர் பழைய ஒயினைக் குடித்துப் பார்த்திருப்பார்களோ தெரியாது :-) உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருஷத்துக்குள் குடித்து முடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. பத்திரமாக வைத்திருந்தால் வீணாய்த்தான் போகும். வருஷக்கணக்கில் தாங்கும் ஒயினுக்குப் பேர்போன சில இடங்களில் பிரான்சின் பர்கண்டியும் ஒன்று. அங்கேயும் 'பழசுதான் உசத்தி' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். போன மாதம் டிஜோனில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். மாட்டுக்கறியை சிவப்பு ஒயினிலேயே மூன்று மணி நேரம் வேகவைக்கிற பூஃப் பூர்கினியோன், கூடவே ரொட்டி, சீஸ். வோல்னே கிராமத்து சிவப்பு ஒயினில் ரெண்டு பாட்டில் இருந்தன. ஒன்று 2005, இன்னொன்று 2020. பழசு ஒரு நண்பனின் அப்பா நிலவறையில் கிடந்தது. புதுசு நாங்கள் காசு போட்டு வாங்கினது.

ரெண்டுமே பினோ நுவார் என்கிற ஒரே திராட்சைதான். தோல் மெல்லிசு, அதனால் ஒயினின் நிறமும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். 2020 நல்ல வெயில் வருஷம், ஆகஸ்டிலேயே அறுவடையை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஒயினில் செர்ரி வாசனை அப்படியே தூக்கியது. குடித்தபின் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கில் லேசாய்த் துவர்ப்பு. கறியின் கொழுப்புக்கு அந்தத் துவர்ப்பு ரொம்பவே பொருந்தியது.

2005 வேறு ஜாதி. கிளாஸின் ஓரத்தில் செங்கல் நிறம். பழ வாசனை போய், மழை பெய்து ஓய்ந்த தோப்பில் மட்கின இலை, காளான், பழைய தோல் பை என்று என்னென்னவோ வந்தது. துவர்ப்பைத் தருகிற பொருட்களும் நிறமிகளும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கொஞ்சம் அடியில் வண்டலாகவும் தங்கிவிடுகின்றன. அதனால்தான் அந்த வழவழப்பு. அருமை, மறுக்கவே மாட்டேன். ஆனால் கறியோடு குடித்தபோது ஒயின் இருக்கிற இடமே தெரியவில்லை. கடைசியில் தட்டை எல்லாம் எடுத்துவிட்டு அதைத் தனியாகத்தான் குடித்தோம்.

பழைய அரிசியும் புது அரிசியும் மாதிரிதான். சாப்பாட்டுக்குப் பழசு, பொங்கலுக்குப் புதுசு. எது உசத்தி என்று கேட்டால் பாட்டி சிரிப்பாள்.

இதில் நடுப்பருவம் என்று ஒரு தொல்லை வேறு. பர்கண்டி சிவப்பு சில வருஷம் வாயை மூடிக்கொள்ளும். பழமும் இருக்காது, தோப்பும் இருக்காது. 2005 அதற்கு ரொம்பப் பேர்போனது. எப்போது திறக்குமென்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

வெள்ளை ஒயின் கதை இன்னும் மோசம். அன்றைக்கு ஒரு தோழி 2002 மெர்சோ கொண்டுவந்திருந்தாள். அவள் பிறந்த வருஷம் அது. பட்டம் வாங்கும்போது திறக்க வேண்டுமென்று அப்பா எடுத்துவைத்தது. ஊற்றினால் டீ நிறம், வெட்டிவைத்த ஆப்பிள் கறுத்துப்போன வாசனை. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அவளே கிளாஸைத் தள்ளி வைத்தாள். 1990களின் நடுவிலிருந்து பர்கண்டி வெள்ளைகளில் நிறைய பாட்டில்கள் இப்படி அகாலத்தில் காற்றேறிக் கெட்டிருக்கின்றன. கார்க் மேல் பழி போட்டார்கள், கந்தகம் குறைந்ததென்றார்கள், திராட்சை பிழியும் முறை மாறியதென்றார்கள். ஒரே காரணம் என்று எதுவும் அகப்படவில்லை. ஒரே பெட்டியில் ஒன்று நன்றாக இருக்கும், பக்கத்தது போயிருக்கும். காத்திருங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பழசு மோகத்தில் ஏமாந்த பணக்காரர்கள் கதை தெரியுமா? 2008இல் நியூயார்க் ஏலத்துக்கு போன்சோ குடும்பத்தின் பேரில் குளோ சேன்-தெனி பாட்டில்கள் வந்தன. லேபிளில் 1945 முதல் 1971 வரை வருஷங்கள். அந்தக் குடும்பமோ 1980களுக்கு முன் அந்தத் தோட்டத்து ஒயினைச் செய்ததே கிடையாது! லோரோன் போன்சோ நேரில் போய் நிறுத்தினார். விற்கக் கொடுத்த ரூடி குர்னியவான் 2012இல் கைதாகி, 2014இல் பத்து வருஷ சிறைத்தண்டனை பெற்றார். வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து பழைய லேபிள் ஒட்டியிருக்கிறார். வாங்கிக் குடித்தவர்களில் எத்தனையோ பேர் ஆஹா என்றிருப்பார்கள். நாக்கைவிட லேபிளில் இருக்கிற வருஷம்தான் அதிகம் பேசுகிறது என்பேன்.

ஆகவே என் ஓட்டு புதுசுக்கு. அப்பா நிலவறையில் பழசு இருக்கிற நண்பன் வாய்த்தால் மட்டும் கட்சி மாறுவேன் :-)

தோழி வீட்டில் அதே மெர்சோ இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கிறதாம். கல்யாணத்துக்கு என்று அப்பா சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடு என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அசைந்துகொடுக்கவில்லை.