குழாய் கோத்திருக்கும் நேரம்

இந்தியக் கடற்படைக்கு 5 ஆதரவுக் கப்பல்களைக் கட்டித்தர விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு 2023 ஆகஸ்ட்டில் ஒப்பந்தம் போட்டது. அவற்றில் 2 கப்பல்கள் நம் காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி தளத்தில் உருவாகின்றன. எங்கே பேச்சு எழுந்தாலும் முதலில் வருவது ஒவ்வொன்றின் இடப்பெயர்ச்சியான 44,000 டன் என்ற எண். இப்போதிருக்கும் டேங்கர்களான தீபக்கும் சக்தியும் 27,500 டன்தான் என்பதால் பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் டேங்கரின் தரத்தை உடலின் பருமனை வைத்து அளக்கும் வழக்கம் நம் தொழிலிலும் தொற்றிக்கொண்டுவிட்டது. அளக்க வேண்டியது, இன்னொரு கப்பல் அதன் பக்கத்தில் குழாய் கோத்தபடி ஓடும் நேரத்தை.

அந்த நேரத்தில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். டேங்கர் திசையும் வேகமும் மாறாமல் 12 முதல் 16 நாட் வரை ஓடும். வாங்கும் கப்பல் பின்னாலிருந்து வந்து, சுமார் 50 மீட்டர் இடைவெளியில் பக்கம் பிடிக்கும். முதலில் துப்பாக்கியில் ஒரு மெல்லிய கயிறு பறக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தொலைபேசிக் கம்பியும், தூரம் காட்ட வண்ணக் கொடி கட்டிய கயிறும் வரும். கடைசியில் வருவது கனத்த எஃகு வடம். வடத்தில் தொங்கும் உருளைகளில் ஹோஸ் நகர்ந்துபோய், அதன் மூக்கு எதிர்க்கப்பலின் புனல் வாயில் சொருகிப் பூட்டிக்கொள்ளும். இரண்டு உடல்களுக்கும் நடுவே நெருக்கிப் பாயும் நீர் அவற்றை ஒன்றையொன்று இழுக்கும். முன்மூக்கில் எழும் அழுத்தமோ விலக்கித் தள்ளும். இத்தனைக்கும் நடுவில் வடம் தொய்யாமலும் அறுந்துபோகாமலும் இருப்பது ரேம் டென்ஷனரின் உபயம். கப்பல்கள் விலகினால் அழுத்தக் காற்றைத் தாங்கி நிற்கும் பிஸ்டன் வடத்தை விட்டுக்கொடுக்கும், நெருங்கினால் உள்ளிழுக்கும். விளம்பரப் படங்களில் எப்போதும் ஹெலிகாப்டர் தளம்தான் தெரிகிறது. டென்ஷனரைப் படமெடுத்துப் போட்டவர் யாரும் இல்லை.

2011-இல் தீபக் படையில் சேர்ந்தபோது, மணிக்கு 1,500 டன் எண்ணெய் கொடுக்கும் என்றார்கள். அதற்கு முந்தைய கப்பல்களின் வேகம் 300 டன். தீபக்கின் உண்மையான சாதனை இதுதான். பக்கத்துக்குப் பக்கம் ஓடும் இரண்டு கப்பல்களும் சட்டென்று திரும்ப முடியாது. நீர்மூழ்கிக்கு இதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் பாதுகாப்பு. ஆனால் 1,500 என்பது கொடுப்பவர் கணக்கு. வாங்குபவரின் குழாய் விட்டமும் டேங்கின் காற்றுப்போக்கியும் தாங்குமளவுக்குத்தான் எண்ணெய் போகும். பம்பைப் பெரிதாக்கிவிட்டு, வாங்கும் பக்கத்தைப் பழையபடியே விட்டால் என்ன பயன்?

எண்ணெய் கடலில் கசியாமல் காக்க இரு சுவர்களோடு கட்டும் இரட்டை உடலுக்கும் விலை உண்டு. அமெரிக்காவின் ஹென்றி ஜே. கைசர் வகையில் ஒற்றை உடல் கப்பல்கள் 1,80,000 பீப்பாய் சுமந்தன. கடைசி மூன்றை மட்டும் இரட்டை உடலோடு கட்டியதும் கொள்ளளவு 1,59,500 பீப்பாயாகச் சுருங்கியது. கடல் மாசைத் தடுக்கும் மார்போல் விதிகள் போர்க்கப்பலைக் கட்டுப்படுத்தா. ஆனால் ஒற்றை உடல் டேங்கரை எந்தத் துறைமுகம் மனமுவந்து உள்ளே விடும்? இழப்பிலும் ஒரு லாபம் இருக்கிறது. எண்ணெய் இறங்க இறங்க மிதந்தெழும் கப்பலுக்கு வேண்டிய பாலஸ்ட் நீரை இரு சுவர்களுக்கும் இடையிலேயே ஏற்றலாம். எண்ணெய் டேங்கிலேயே கடல்நீரை விட்டு, பிறகு எரிபொருளில் தண்ணீர் கலந்துவிட்டதென்று புலம்பும் பழைய கதை இனி இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஒரே கப்பலை நம்பி நிற்பது. 2024 செப்டம்பரில் பிக் ஹார்ன் என்ற அமெரிக்க டேங்கர் ஓமானுக்கு அருகே சேதமடைந்தது. ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் குழுவுக்கு எண்ணெய் கொடுத்துவந்தது அதுதான். விமானந்தாங்கி அணுசக்தியில் ஓடுவதால் தப்பித்ததா என்றால் இல்லை: அதன் விமானங்களுக்கும் உடன்வரும் நாசகாரிகளுக்கும் எண்ணெய் வேண்டும். 2014-இல் கனடாவின் ப்ரொடெக்டர், எஞ்சின் அறையில் தீப்பிடித்து ஹவாய்க்கு இழுத்துவரப்பட்டது. மறுபடி பணிக்குத் திரும்பவே இல்லை. பிரிட்டனின் டைட் வகை டேங்கர்கள் இரட்டைச் சுழலியோடு வந்ததற்குப் பின்னால், ஒன்று பழுதானால் எல்லாமே நின்றுவிடும் என்ற அச்சம் நியாயமாகவே இருக்கிறது.

காட்டுப்பள்ளியிலும் விசாகப்பட்டினத்திலும் வேலை பார்க்கும் நம் வாசகர்களிடம் சொல்ல நினைப்பது இரண்டே. ஏற்பு ஓட்டத்தில் டேங்கரை மட்டும் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்தில் இரண்டு கப்பல்களை நிறுத்தி, இரவில், டேங்கர் பாதி காலியான நிலையில் குழாய் கோத்துப் பாருங்கள். அவசரத் துண்டிப்புக்கு எத்தனை வினாடி ஆகிறதென்று ஏட்டில் எழுதுங்கள். அடுத்தது, கரையில் ஒரு முழு அளவுப் பயிற்சி ரிக். பிரிட்டன் கனமான பொருள் ஏற்றும் ரிக்கை எச்.எம்.எஸ். ராலே பயிற்சித் தளத்தில் தரையிலேயே நிறுவி, அங்கே ஆட்களைப் பழக்குகிறது. முதல் கப்பல் தளத்தைவிட்டு இறங்குவதற்கு முன்பே அப்படியொன்று நம் கரையிலும் எழ வேண்டும். அதற்கான பணத்தை ஹெலிகாப்டர் தளத்தின் அலங்காரத்திலிருந்து எடுத்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.