ஓட்டுச் சாவடி மறைப்பைப் பிடுங்காதே!

ஓட்டுச் சாவடியில் ஒரு மேஜை. அதைச் சுற்றி ஓர் அட்டை மறைப்பு. அந்த மறைப்புக்குள் நிற்கிற அரை நிமிஷ நேரம் மில் மேஸ்திரி கிடையாது, பண்ணைக் காரியஸ்தர் கிடையாது, வட்டிக்காரர் கிடையாது. வருஷம் பூராவும் கைகட்டி நின்றவர்கள் அங்கே மட்டும் தங்கள் மனசுப்படி பொத்தானை அழுத்தலாம். வெளியே வந்து, "உங்களுக்குத்தான் போட்டேன் ஐயா" என்று சொல்லிவிட்டும் போகலாம். அது மெய்யா பொய்யா என்று எந்த ஐயாவாலும் கண்டுபிடிக்க முடியாது!

இந்த மறைப்பை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. 1838இல் இங்கிலாந்துத் தொழிலாளர்களின் சாசன இயக்கம் வைத்த ஆறு கோரிக்கைகளில் ரகசிய ஓட்டும் ஒன்று. அந்நாளில் வேட்பாளர் பெயரைப் பகிரங்கமாகச் சொல்லித்தான் ஓட்டளிக்க வேண்டும். பிரபுவின் ஆள் பக்கத்தில் நின்று கணக்கெடுப்பான். மாறி ஓட்டளித்த குத்தகைக்காரன் நிலத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். அங்கே ரகசிய ஓட்டு சட்டமானது 1872இல். முப்பத்து நான்கு வருஷம்!

தபால் ஓட்டை விரிவாக்கும் முயற்சியை நாம் எதிர்ப்பது இதற்காகத்தான். ராணுவத்தாருக்கும் தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கும் அது வெகுநாளாக உண்டு. அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. 2019 அக்டோபரில் சர்க்கார் விதியைத் திருத்தி, 80 வயது தாண்டியவர்களையும் ஊனமுற்றவர்களையும் சேர்த்தது. 2020 ஜூனில், கொரோனாவைக் காரணம் காட்டி, கட்சிகளைக் கலந்து பேசாமலேயே 65 வயது என்று ஒரே தாவாகத் தாவியது! எதிர்ப்பு கிளம்பியது. பீகார் தேர்தலுக்கு 65 வயதுச் சலுகை இல்லையென்று ஜூலையில் கமிஷனே அறிவித்தது. 2024 மார்ச்சில் வயது 85 ஆக்கப்பட்டது. ஒரு கையெழுத்தில் இறங்கியதும் இன்னொரு கையெழுத்தில் ஏறியதும் இந்த வயதுதான். நாளை மறுபடி இறங்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"அதிகாரிகள் வீட்டுக்கே வருகிறார்கள், மறைப்பும் கொண்டுவருகிறார்கள், வீடியோவும் எடுக்கிறார்கள், அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கிறார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவிக்கு ஓட்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவள் ஓட்டும் ஓட்டுதான். ஆனால் சாவடியில் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் பார்த்திருக்க நடக்கும் காரியம், நூறு வீடுகளில் நூறு வேளைகளில் நடக்கிறது. கார் வைத்திருக்கும் வேட்பாளரின் ஆள் பின்னாலேயே போவான். கூலிக்காரர்களின் வேட்பாளருக்கு ஏஜெண்டாக வருபவன் அன்றைய கூலியை விட்டல்லவா வர வேண்டும்? அந்த வீடும் பண்ணையின் மனைக்கட்டில் இருந்தால்? மில் குவார்ட்டர்ஸாக இருந்தால்?

நமக்குச் சந்தேக புத்தி என்பவர்கள் கமிஷன் சொன்னதைக் கேட்கட்டும். தேர்தல் பணி ஊழியர்கள் தபால் ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கிப் போய் நெடுநாள் வைத்திருந்தால் அச்சுறுத்தலுக்கும் லஞ்சத்துக்கும் இடமாகிறது என்று 2022இல் சொன்னது அந்தக் கமிஷன்தான். 2023இல் விதி திருத்தப்பட்டது. வசதி மையத்துக்கு வந்துதான் அவர்கள் ஓட்டளிக்க வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் சர்க்கார் ஊழியருக்கே இந்த ஆபத்தென்றால், தினக் கூலியின் கதி என்ன?

நம் ஊர்ச் சங்கதி ஒன்று. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் அப்பாவு 49 ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். அங்கே 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. காரணம்? சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி இல்லையாம்! வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் 2021இல் முடிந்தே போயிற்று! உறையும் உறுதிமொழியும் சான்றொப்பமுமாகத் தபால் ஓட்டு எத்தனை கையைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது பாருங்கள். அவை தள்ளப்பட்ட விஷயம் போட்டவர்களுக்கு அன்று தெரிந்திருக்குமா?

அமெரிக்காவில் டிரம்ப் 2020இல் தோற்றதும் தபால் ஓட்டால் தன்னை மோசம் செய்துவிட்டதாகக் கூச்சலிட்டார். ஆதாரம் காட்ட முடியாமல் கோர்ட்டு கோர்ட்டாக அந்த வழக்குகள் தோற்றன. அந்தக் கூச்சலில் நமக்குப் பங்கில்லை. வேடிக்கை என்னவென்றால், 2018இல் வட கரோலினாவின் கிராமப்புறத்தில் வீடு வீடாக ஆள் அனுப்பித் தபால் ஓட்டுகளைச் சேகரித்தது அவருடைய கட்சி வேட்பாளருக்காக வேலை செய்த கூலிக் கும்பல்தான்! 905 ஓட்டு வித்தியாசத்தில் வந்த அந்த வெற்றி செல்லாதென்று மறு தேர்தலுக்கு உத்தரவாயிற்று. பிரான்ஸோ, மோசடிகளைக் கண்டு, 1975இலேயே தபால் ஓட்டை ஒழித்துவிட்டது.

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு மின்னஞ்சல் வழியாகத் தபால் ஓட்டுச் சீட்டு அனுப்பலாமென்று 2020இல் கமிஷன் சர்க்காருக்கு எழுதியது. துபாயில் செங்கல் சுமப்பவன் அந்தச் சீட்டை அச்செடுத்து, கையொப்பமிட்டு, முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இருக்கிற நிலையில் யாருக்கு ஓட்டளிப்பான்? இங்கே திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உழலும் பீகார், ஒடிசாத் தொழிலாளிகளோ ஓட்டளிக்க ஊருக்குப் போய்வர லீவும் இல்லை, ரயிலில் இடமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கும் பணத்தை ஊருக்குத் தெரியாமல் மறைக்க 2018 முதல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோடி கொடுத்தவனுக்குத் திரை! கூலிக்காரன் ஓட்டுக்கு மட்டும் திண்ணை போதுமா?

ஓட்டுப் பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டுமென்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக் கூலிக்கும் அது உண்டு. அதை அமுல் நடத்து! சேரிக்குப் பக்கத்தில் சாவடி வை! சக்கர நாற்காலியும் வண்டியும் அனுப்பு! எழுந்திருக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் வீட்டு ஓட்டை நிறுத்திக்கொள்!

தோழர்கள் உடனே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு ஓட்டுக்கு 12-டி என்ற பாரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அது ஏற்கப்பட்டுவிட்டால் அந்த ஆள் சாவடிக்குப் போய் ஓட்டளிக்க முடியாது. மேஸ்திரியோ காரியஸ்தரோ, "பாட்டி, நீ ஏன் நடக்கணும், இதில ரேகை வை" என்று பாரம் நீட்டினால் வைக்க வேண்டாம். நடக்க முடிந்தவர்களைக் கைத்தாங்கலாகச் சாவடிக்கு அழைத்துப் போங்கள். பாரம் கொடுத்தவர்கள் யார் யார், அதிகாரிகள் எந்த நாளில் வருகிறார்கள் என்பதை வேட்பாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒரு வீடு விடாமல் நம் ஏஜெண்டு கூடப் போகட்டும். அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும்.