ஓய்வு நேரத்தில்: கிட்டார் பழகும் அன்பர்களுக்கு

சென்ற இதழில் தையற் பொறியைப் பேணும் முறை பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் ஹோசூர் சாலையில் நம்மை நிறுத்தி, "பெண்டிருக்கு உதவும் செய்தியாக எழுதினீர், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, அதைப் பற்றி ஒரு சொல் எழுதலாகாதா?" என்று கேட்டார். அவர் கேட்டது கேலியாகவா உண்மையாகவா என்று நமக்கு விளங்கவில்லை. எனினும், உண்மையென்றே கொண்டு இதனை எழுதுகிறோம். எழுத வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. ஏனெனில் இப்பொருளில் நாமே ஒரு பிழை செய்திருக்கிறோம்.

பொம்மனஹள்ளியில் நம் இல்லத்திற்கு இரண்டு வீடு தள்ளி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. மகன் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். அவன் இரண்டாண்டு கெஞ்சியதன் பேரில், சீட்டு எடுத்த பணத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு கிட்டார் வாங்கித் தந்தார். முதல் மாதம் தெருவே அவன் வாசிப்பைக் கேட்டது. இரண்டாம் மாதம் ஒலி குறைந்தது. மூன்றாம் மாதம் கிட்டார் சுவரில் ஆணியில் தொங்கியது.

ஒரு ஞாயிறன்று அம்மையார் நம்மிடம் வந்தார். "தம்பி, இவனுக்குக் கை வரவில்லையாம். விரல் வலிக்கிறது என்கிறான். வாசித்தால் சுருதி சேரவில்லை, எனக்குக் காதும் இல்லை என்கிறான். நீங்கள் வாசிப்பீர்களே, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். நாமும் பையனை அழைத்து அரை மணி நேரம் விரிவுரை ஆற்றினோம். முயற்சி போதாது என்றோம். விரல் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்றோம். கைப்பேசியில் கழிக்கும் நேரத்தையும் இடித்துக் காட்டினோம். பையன் தலை குனிந்து, "சரி மாமா" என்று சொல்லிப் போனான். கிட்டாரை மட்டும் நாம் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

மறு மாதம் அந்தக் கிட்டாரைப் பாதி விலைக்கு விற்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். நாமே வாங்கிக்கொள்ளலாமே என்ற சிறு ஆசையோடு சென்று, அதனை முதன்முதலாகக் கையில் எடுத்தோம். ஒரு கம்பியை அழுத்தினோம், வெட்கிப் போனோம். பத்தாண்டு பழகிய நம் விரலுக்கே அது கடினமாயிருந்தது. பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து அளந்தோம். பன்னிரண்டாம் மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இருக்க வேண்டியதோ 2 அல்லது 2½ மில்லிமீட்டர். பையனிடம் குறையில்லை, மரத்தில் இருந்தது குறை.

இதனைச் சற்று விரித்துரைத்தல் நலம். வீணையில் நாம் மெட்டு என்பதையே கிட்டார்க்காரர் ஃபிரெட் என்பர். வீணையில் மெழுகின்மேல் 24 மெட்டுகள் அமைவது போல, கிட்டாரின் கழுத்தில் உலோகக் கீற்றுகள் பதிக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டாவது கீற்று கம்பியின் சரிபாதியில் அமைவது; அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு தாயி உயர்ந்து ஒலிக்கும். கம்பி மெட்டுக்கு வெகு உயரத்தில் நின்றால் இரு தீங்குகள் நேர்கின்றன. அழுத்துவதற்கு வேண்டிய பலம் மிகுந்து விரல் நோகிறது. அவ்வளவு தூரம் அழுத்தும்போது கம்பி இழுபட்டு, சுரமும் தன் இடத்தினின்று மேலே ஏறிவிடுகிறது. பழகுபவனோ விரலுக்கு வலிமை இல்லை, காதுக்கு ஞானம் இல்லை என்று இரண்டு பழியையும் தன்மேல் சுமத்திக்கொள்கிறான். நாம் மூன்றாவது பழியாகச் சோம்பலையும் சேர்த்து வைத்தோம்!

அந்தக் கிட்டாருக்கு இக்கேடு வந்ததெப்படி? கூரைத் தகரத்தின் கீழ், மேற்குச் சுவரில், கோடை முழுவதும் அது தொங்கியிருக்கிறது. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வெப்பத்தில் பசை இளகி, மரம் வற்றி, கழுத்து வில் போல வளைகிறது. நம் மக்களில் பலர் தகரக் கூரை வீட்டில்தான் வாழ்கிறோம். ஆதலால் கிட்டாரை உறையிலிட்டு, கட்டிலுக்கடியிலோ, வெயில் படாத உட்சுவரின் ஓரத்திலோ வையுங்கள். அடுப்பங்கரை கூடவே கூடாது.

வாங்கும்போதே பார்த்து வாங்கும் வழியும் உண்டு. எமது ரயில்வேயில் தண்டவாளத்தின் நேர்மையை அறியக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, நெடுகப் பார்ப்பார்கள். அதே போலக் கிட்டாரின் கழுத்தைத் தலைப்பக்கத்திலிருந்து நெடுகப் பாருங்கள். பெருவளைவோ முறுக்கோ தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள். பிறகு முதல் மெட்டிலும் பன்னிரண்டாம் மெட்டிலும் அழுத்திப் பார்த்து, வலிக்கிறதென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பளபளப்பையும் நிறத்தையும் பார்த்து வாங்கியவர்கள் பின்னர் வருந்துவதை நாம் கண்டிருக்கிறோம். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். இந்நகரில் கிட்டார் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

முன்னரே வாங்கிவிட்டவர்களும் மனம் தளர வேண்டா. கீழே கம்பிகள் தாங்கி நிற்கும் குதிரையின்மேல் ஒரு சிறு வெள்ளைத் துண்டு இருக்கும். அதனை அடிப்புறத்தில் தேய்த்துக் குறைத்தால் கம்பி இறங்கும். பன்னிரண்டாம் மெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் துண்டில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். பல கிட்டார்களில் கழுத்தின் உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதன் திருகைச் சிறிது முறுக்கினால் வளைவு நிமிரும். இத்திருகில் மட்டும் அறியாதவர் கை வைக்கலாகாது. கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பினால் கழுத்தே கெடும். பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். பையனின் கிட்டாருக்கு மெல்லிய கம்பிகள் ஆறும் மாற்றி, எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய் செலவாயிற்று. அபராதமாக அதனை நாமே செலுத்தினோம். கம்பி வாங்கும்போது 'பத்து' என்ற அளவினைக் கேளுங்கள். மிக மெல்லிய கம்பி அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு பருமன் உடைய கட்டு அது. 'பன்னிரண்டு' ஒலியில் கனம். ஆனால் தொடங்குவோர் விரலுக்குப் பகை.

இனிப் பழகும் முறை. நமக்குக் கற்பித்தவர் மெயில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர். ரயில்வே குடியிருப்புகளின் நடன மாலைகளில் வாசித்து வளர்ந்தவர். அவர் முதல் நாளில் பாட்டு எதுவும் சொல்லித் தரவில்லை. விரலை மெட்டின்மேல் அன்று, மெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னே வைக்கச் சொன்னார். இரு மெட்டுகளின் நடுவில் அழுத்துபவனுக்கு இருமடங்கு பலம் வேண்டும், ஒலியும் இரையும். இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டால் வலியில் பாதி அன்றே போய்விடும். மீதிப் பாதி மூன்று நான்கு வாரங்களில் விரல் நுனி தடித்த பின் போகும். இடையில் ஒரு வாரம் நிறுத்தினால் தோல் மறுபடி மெலியும், ஆகவே நிறுத்தாதீர்கள்.

பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பிக்கும் சுரக்கூட்டுகளே கிட்டாரின் உயிர். அவற்றுள் 'ஈ மைனர்' என்பதற்கு இரண்டே விரல்கள் போதும்: ஐந்தாம், நான்காம் கம்பிகளை இரண்டாம் மெட்டில் அழுத்தி ஆறு கம்பிகளையும் மீட்டினால் போதும். அதனோடு சுட்டுவிரலை மூன்றாம் கம்பியின் முதல் மெட்டில் சேர்த்தால் 'ஈ மேஜர்'. அந்த மூன்று விரல்களையும் அப்படியே ஒரு கம்பி கீழே நகர்த்தினால் 'ஏ மைனர்'. இதில் ஆறாம் கம்பியை மட்டும் விட்டு மீட்டுங்கள். இம்மூன்றையும் ஒரு மாதம் மாற்றி மாற்றி வாசியுங்கள். கடிகாரத்தை முன்வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பிழையின்றி மாற்ற முடிகிறதென்று எண்ணிக் குறித்து வைத்தால், நேற்றைக்கு இன்று முன்னேறியது எண்ணிலே தெரியும். நாம் எழுத்தர் ஆகையால் இவ்வாறு பேரேடு வைப்பதில் நமக்கு ஒரு தனி இன்பம். பிறர்க்கு அஃது இல்லாமலும் இருக்கலாம்.

'எஃப்' என்னும் சுரக்கூட்டைக் கண்டு அஞ்சாதவர் இலர். ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். பழகுவோரில் பலர் கிட்டாரைக் கைவிடும் இடம் இதுவே. அதனை முதலாண்டிலேயே வென்றாக வேண்டும் என்ற நியதி இல்லை. நான்கு கம்பிகளோடு நிற்கும் எளிய வடிவம் ஒன்று உண்டு. அதனைக் கொண்டு எத்தனையோ பாடல்களை வாசிக்கலாம்.

ஞாயிறன்று மூன்று மணி நேரம் வாசித்து ஆறு நாள் மறந்திருப்பதைவிட, நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பெரிது. நேரமில்லை என்பீர்கள். சில்க் போர்டு சந்திப்பில் வாழ்நாளைக் கழித்தவர்கள் நாம். அவ்வருத்தம் நமக்குத் தெரியாததன்று. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ ஓடத் தொடங்கிய பின், பொம்மனஹள்ளியில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறி அலுவலகம் செல்கிறோம். நாளொன்றுக்கு அரை மணிக்கு மேல் மிச்சம். அதில் பாதியைக் கிட்டாருக்கும் பாதியை உறக்கத்திற்கும் பங்கிட்டிருக்கிறோம்.

வயது கடந்துவிட்டதே என்று சில பெரியவர்கள் கேட்கின்றனர். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, தமையன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர். 1968இல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயிலத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதும் அதற்குப் பின்னரே. அக்காலத்தில் அவர் கிட்டார் வாசித்துப் பிழைத்தார். கன்னடத் திரையிசையில் பெரும் பெயர் பெற்ற ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணி புரிந்தார். இந்த ஊரில் வாழும் நமக்கு அது ஒரு தனி மகிழ்ச்சி. 'அன்னக்கிளி' 1976இல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவர்தம் திறமை நமக்கு வராது. அவர் காத்திருந்த ஆண்டுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

'மேனாட்டுக் கருவி நமக்கெதற்கு' என்போர்க்கும் ஒரு சொல். பிடிலும் மேனாட்டிலிருந்து வந்ததுதான். இன்று அஃதின்றிக் கருநாடக இசைக் கச்சேரியை எண்ணிப் பார்க்க இயலுமா? 1980களில் சுகுமார் பிரசாத்தும், அவருக்குப் பின் இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னாவும் மின் கிட்டாரிலே கீர்த்தனைகளை வாசித்துக் காட்டினர். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தும் விரலை வழுக்கியும் கமகங்களை வரவழைத்தனர். முறையாகப் பாடம் கேட்டுத் தேர்வெழுத விரும்புவோர்க்கு, அருணா சுந்தர்லால் 1987இல் நிறுவிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் இந்நகரிலேயே இருக்கிறது. டிரினிட்டியின் கிட்டார்த் தேர்வுகள் முதற்படி கடந்தபின் எட்டு நிலைகளாக அமைந்தவை. பள்ளிக்குச் செல்ல வசதியில்லாதவர் மனம் குன்ற வேண்டுவதில்லை. நாமும் அப்படிப் போனவர் அல்லர்.

பையனின் செய்தி என்னாயிற்று என்று கேட்பீர்கள். பழுது நீங்கி வந்த கிட்டாரை அவன் கையில் கொடுத்து, அன்று நாம் பேசியது தவறு என்று அவன் அன்னையின் முன்னிலையில் சொன்னோம். அவன் உடனே மகிழ்ந்துவிடவில்லை. ஐயத்தோடு ஒரு கம்பியை அழுத்தினான், பின் அடுத்ததை. "மாமா, இது அதே கிட்டார்தானா?" என்று கேட்டான். இப்போது மாலைதோறும் வாசிக்கிறான். 'எஃப்' இன்னும் வரவில்லை.

சென்ற வாரம் அவர்கள் வீட்டு வாயிலைக் கடக்கையில் கிட்டார் ஒலி கேட்டது. பையன் அவ்வேளையில் கல்லூரியில் இருப்பானே என்று எண்ணி எட்டிப் பார்த்தோம். வேலை முடிந்து வந்த அம்மையார், கழற்றாத அடையாள அட்டையோடு கட்டிலில் அமர்ந்து, இரண்டு விரல்களை இரண்டாம் மெட்டில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் நாணிக் கீழே வைக்கப் போனார்.

"வையாதீர்கள் அக்கா, விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறது" என்றோம்.

"பையன் வாசிப்பதைப் பார்த்து வைத்தேன் தம்பி. ஊசி குத்திக் குத்தி என் விரல் முன்பே தடித்துத்தான் இருக்கிறது, வலிக்கவில்லை. இதற்கு அடுத்தது என்ன?" என்று கேட்டார்.

மூன்றாம் கம்பியில் முதல் மெட்டைக் காட்டினோம்.