நீர் ஊடுருவும் கான்கிரீட்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

தெரு, பள்ளி வளாகம், கோயில் முற்றம் என ஊரில் எல்லா இடத்திலும் சிமென்ட் தளம் போட்டாயிற்று. ஆயிரம் சதுர அடித் தளத்தில் 5 செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் தண்ணீர் சாக்கடை வழியே ஓடிவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கியிருந்தால் பக்கத்துக் கிணறுகளுக்கு உதவியிருக்கும். இதற்கு மாற்றாக நீர் ஊடுருவும் கான்கிரீட்டைப் பலரும் சொல்கிறார்கள். நானும் ஆதரிக்கிறேன், ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல.

இந்தக் கலவையில் மணல் இருக்காது, இருந்தாலும் மிகக் கொஞ்சம். ஒரே அளவு ஜல்லியைச் சிமென்ட் பசை ஒட்ட வைக்கும். நடுவில் 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம் இருக்கும். தண்ணீரை இறக்குவதும் அந்த வெற்றிடம்தான், வலிமையைக் குறைப்பதும் அதுதான். கலவையைப் பொறுத்து அமுக்க வலிமை 3 முதல் 28 மெகாபாஸ்கல் வரை மாறும். வழக்கமான எம்-20 கான்கிரீட்டுக்கு 20 மெகாபாஸ்கல்.

கியூப் சோதனையில் தேற வேண்டும் என்று மணலை அள்ளிப் போட்டால், கடைசியில் கிடைப்பது சாதாரண கான்கிரீட்தான். தண்ணீர் கூடினால் பசை கீழே இறங்கி அடிப்பகுதியை அடைத்துவிடும்; குறைந்தால் ஜல்லி பெயர்ந்து வரும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும். பசை விரலிடுக்கில் வழியக் கூடாது.

நீர் இறங்கும் வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நல்ல தளம் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே விடும். மணிக்கு 10 செ.மீ. கொட்டும் பேய்மழையில்கூட விழுவது 1.7 லிட்டர்தான். எனவே வெற்றிடத்தை 15-20 சதவீதத்தோடு நிறுத்தி வலிமையைக் கூட்டிக்கொள்வதே சரி என்பேன்.

உண்மையான தடை அடியிலுள்ள மண். ஓரடிக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். செம்மண், மணற்சாரி நிலத்தில் வேகமாக இறங்கும். களிமண்ணில் சில மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். அங்கே தளத்துக்கு அடியில் அரையடி ஜல்லிப் படுகை தேவை. அதன் இடைவெளி 40 சதவீதம் என்றால், 6 செ.மீ. மழையைத் தேக்கி வைத்து மெல்ல மெல்ல மண்ணுக்கு விடும். கரிசலில் இந்தத் தளமே வேண்டாம். ஈரம் பட்டால் மண் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், தளம் தாங்காது.

நெற்களத்துக்கும் இது ஆகாது. பதரும் தூசியும் ஒரே பருவத்தில் துளைகளை அடைத்துவிடும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் திரும்பும் இடமும் வேண்டாம். பள்ளி முற்றம், ஊராட்சி அலுவலக வாசல், நடைபாதை, இருசக்கர வாகனம் நிறுத்துமிடம் ஆகியவை பொருத்தமானவை. வயல் சேறு வழிந்து வரும் பக்கத்தில் சிறு வரப்பு கட்டிவிடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக்கு முன், மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டுப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கும்படி கிராம சபையில் கேளுங்கள். சேர்க்க முடியாது என்றால், பழைய தளத்தின் ஓரத்தில் உறிஞ்சுகுழி வெட்டுவதே மேல்.