ஸ்டிக்கரை நம்பினோம், சங்கிலியைப் பார்க்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபேரர் பார்க் எம்ஆர்டியிலிருந்து மேலே வந்தால் ரேஸ் கோர்ஸ் ரோடு முழுக்க நம் ஆட்கள்தான். புல்தரையில் உட்கார்ந்து ஓவர்டைம், பெர்மிட், ஊருக்கு அனுப்பிய பணம், தங்கச்சி கல்யாணம் என்று எல்லாம் பேசுவோம். தலைக்கு மேல் இரண்டு டன்னைத் தாங்கி நிற்கும் மெஷினைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கப்பல் பட்டறையிலும் ஜூரோங் தீவு ஆலைகளிலும் அழுத்திய காற்றில் ஓடும் சங்கிலித் தூக்கியான ஏர் ஹோய்ஸ்ட்டை இயக்கும் ரிக்கர்கள், அவர்களை வேலை வாங்கும் சூப்பர்வைசர்கள், வகுப்பெடுத்துச் சான்றிதழ் கொடுப்பவர்கள், நாம் எல்லோரும் சேர்ந்தே அந்த மெஷினைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

கரன்ட் ஹோய்ஸ்ட் இருக்கும்போது காற்றில் ஓடுவது எதற்கு என்று புதிதாக வரும் தம்பிகள் கேட்பார்கள். அதற்குப் பதிலாக 1978 அக்டோபர் 12-ஐத்தான் நாம் சொல்லியிருக்க வேண்டும். அன்று ஜூரோங் பட்டறையில் பழுதுபார்ப்புக்கு நின்ற ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டார்கள். கட்டிங் டார்ச்சின் நெருப்பு எண்ணெய் ஆவியில் பற்றியதுதான் காரணம். ஆவி தங்கக்கூடிய இடத்தில் ஒரு பொறி போதும். ஏர் ஹோய்ஸ்ட்டின் மோட்டாரில் மின்சாரம் இல்லை, அதனால் மின்பொறியும் இல்லை. ஆனாலும் இரும்பு இரும்பில் உரசினால் பொறி பறக்கும் என்பதால், அபாய இடத்துக்கென்று செய்த ஹோய்ஸ்ட்டில் ஹூக்குக்கு வெண்கலமோ செம்போ பூசியிருப்பார்கள். அந்த ஹூக் வளைந்துபோனால் ஸ்டோரில் கிடந்த சாதாரண ஹூக்கை மாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்த இடங்கள் உண்டு. எதற்காக அந்த மெஷின் அங்கே வந்ததோ அந்தக் காரணத்தையே நாம் கழற்றி வைத்தோம்.

நம் அலட்சியம் அதிகம் தெரியும் இடம் தண்ணீர். சிங்கப்பூரின் காற்று எப்போதும் ஈரம். அதைக் கம்ப்ரஸர் ஆறேழு மடங்கு அழுத்தி டேங்கில் அடைக்கும்போது அந்த ஈரம் தண்ணீராகப் பிரிந்துவிடும். டேங்கின் அடியில் ஒரு டிரெயின் வால்வு, ஹோய்ஸ்ட்டுக்கு முன்னால் ஃபில்டரில் ஒரு சின்னக் கிண்ணம், அதன் பக்கத்தில் எண்ணெய் சொட்டும் லூப்ரிகேட்டர். காலையில் இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நாம் பார்ப்பதில்லை. கிண்ணத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்து மோட்டாருக்குள் போகிறது. லூப்ரிகேட்டர் வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. உள்ளே சுழலும் வேன் தகடுகள் எண்ணெய் இல்லாமல் தேய்கின்றன, துருவில் ஒட்டிக்கொள்கின்றன. லோடு மெதுவாக ஏறத் தொடங்கும்போது நாம் செய்வது என்ன? ரெகுலேட்டரைத் திருகிப் பிரஷரைக் கூட்டுகிறோம். நோய் உள்ளேயே இருக்க, அறிகுறியை மட்டும் மறைக்கும் வேலை இது.

பிரஷரையும் தவறான இடத்தில்தான் பார்க்கிறோம். கம்ப்ரஸர் மீட்டரில் 7 பார் காட்டினால் திருப்தி. நீளமான, மெல்லிய ஹோஸ் வழியாக வரும்போது பாதி வழியிலேயே அழுத்தம் குறைந்துவிடும். ஹோய்ஸ்ட்டின் வாயில், அதுவும் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். பெரும்பாலான ஏர் ஹோய்ஸ்ட்டுகளுக்கு அங்கே 6 பார் அளவில் இருந்தால் சரி. ஹோஸை மாட்டுவதற்கு முன் ஆள் இல்லாத பக்கம் ஒருமுறை ஊதிவிட்டால் உள்ளே கிடக்கும் தண்ணீரும் தூசியும் போய்விடும். இதைச் சொல்லிக்கொடுத்த அண்ணன்மார் இருந்தார்கள். நாம் அடுத்தவருக்குச் சொல்லவில்லை.

சங்கிலிக்கு வருகிறேன். அது தேய்வது வெளிப்பக்கத்தில் அல்ல, ஒரு கண்ணி அடுத்த கண்ணியில் உட்காரும் உள்வளைவில். தொங்கவிட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு கண்ணியை மட்டும் பார்க்காமல், பல மேனுவல்களில் சொல்வது போல 11 கண்ணிகளைச் சேர்த்து அளக்க வேண்டும். உள்நீளம் 30 மில்லிமீட்டர் உள்ள கண்ணி என்றால் பதினொன்றுக்கு 330. நூற்றுக்கு இரண்டு கூடினால் மாற்று என்று மேனுவல் சொன்னால், வித்தியாசம் 6.6 மில்லிமீட்டர்தான். வெர்னியரை எடுத்தால்தான் அது தெரியும். எல்லை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், மேனுவலைத் திறந்து பார்க்க வேண்டும். தினமும் ஒரே உயரத்துக்குத் தூக்கும் இடத்தில் சங்கிலியின் ஒரே பகுதி திரும்பத் திரும்பச் சக்கரத்தில் உட்காரும், அங்கேதான் முதலில் தேயும். ஆகவே பல இடங்களில் அளக்க வேண்டும். கப்பல் பட்டறையில் இன்னொரு தொல்லை, பிளாஸ்டிங் கிரிட். கெட்டியான கிரீஸை அப்பினால் அந்தத் தூள் முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு சங்கிலியை அரமாக அறுக்கும். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் விடுவதே முறை.

பிரேக்குக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. லோடை ஒரு சாண் தூக்கி நிறுத்து, இறங்குகிறதா பார். இறங்கினால் அந்த ஹோய்ஸ்ட் அன்றைக்கு வேலைக்கு இல்லை.

2006-இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ், பொருளைத் தூக்கும் சாதனத்தை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அவர் ஒட்டிவிட்டுப் போகும் ஸ்டிக்கரை நாம் ஆண்டு முழுவதற்குமான உத்தரவாதமாக எடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் செக்லிஸ்ட்டில் டிக் அடித்து வைத்தோம். வகுப்பெடுத்தவர்கள் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொன்னார்களே தவிர, சங்கிலி ஏன் நீள்கிறது என்று தமிழில் விளக்கவில்லை.

கம்பெனி நேரம் தருவதில்லை என்ற குறை பல இடங்களில் உண்மை. வேலையை நிறுத்தினால் பெர்மிட் போய்விடும் என்ற பயமும் உண்மை. மனிதவள அமைச்சிடம் நல்லெண்ணத்தில் புகார் செய்தவரை அதற்காக வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று சட்டம் சொன்னாலும், நேற்று வந்த தம்பிக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்? 2022-இல் இந்த ஊரின் வேலையிடங்களில் 46 பேர் உயிரிழந்தார்கள். அந்த மரணங்களுக்குக் காரணங்கள் பல. ஆனால் 'நிறுத்து' என்று சொல்லக்கூடிய அனுபவமும் மரியாதையும் இருந்தும் வாயைத் திறக்காமல் இருக்கும் பழக்கம் நம் மூத்தவர்களிடம் இன்றும் இருக்கிறது. அதற்குக் கம்பெனியை மட்டும் கைகாட்ட முடியாது.

சூப்பர்வைசர் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஒரு ஹோய்ஸ்ட்டை இறக்கி வையுங்கள். புதிதாக வந்த தம்பியின் கையில் வெர்னியரைக் கொடுத்து, 11 கண்ணியை அவரையே அளக்கச் சொல்லுங்கள். அளவு மீறியிருந்தால் 'பயன்படுத்தாதே' என்ற சிவப்பு டேக்கை அவர் கையாலேயே கட்டச் சொல்லுங்கள், மேலிடத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.