கறுப்புக் கொடியும் கல்லறைச் சுவரும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஆம் தேதியைக் கத்தோலிக்க ஆயர்களும் பிற கிறிஸ்தவ சபைகளின் தலைவர்களும் கறுப்பு தினமாக அனுஷ்டிக்கிறார்கள். 1950-இல் அந்தத் தேதியில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் பற்றிய ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துக்களல்லாத எவரையும் அப்பட்டியலில் சேர்க்கலாகாது என்று விதித்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்ட பின்னும், கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் அது அடைத்தபடியே இருக்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் மாரியம்மனைக் கும்பிடுகிறவன் தனித்தொகுதியில் வேட்பாளனாக நிற்கலாம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலைக் கோரலாம். ஞானஸ்நானம் பெற்றவனுக்கோ, அவன் குடியிருப்பதும் அதே சேரியாயினும், அவனை ஏசுகிற வாய் அதே வாயாயினும், அவ்விரண்டும் இல்லை. தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு, தன்னிலும் பன்மடங்கு முன்னேறிய சாதியாரோடு போட்டியிடுகிறான்.

இந்த விதி நியாயமற்றது என்பதே என் துணிபு. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமர்ப்பித்த அறிக்கை இதனை நீக்கும்படி சிபாரிசு செய்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் அதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி மத்திய அரசுக்கு அனுப்பியது. இந்து தலித் மக்களுள் சிலர், ஏற்கெனவே குறுகலான பங்கில் இன்னும் பலர் வந்து அமர்வதா என்று ஆட்சேபிப்பது அலட்சியம் செய்யத்தக்கதன்று. மொத்த ஒதுக்கீட்டின் அளவை மாற்றாமல் பட்டியலை மட்டும் நீட்டுவது ஏழையின் இலையிலிருந்து எடுத்து மற்றோர் ஏழைக்குப் பரிமாறுவதாகவே முடியும். இருந்தபோதிலும், சட்டம் மனிதரை இரட்டை வாழ்வுக்குத் தள்ளுவதையும் மறைக்க இயலாது. கோயில் பதிவேட்டில் ஒரு பெயரும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மற்றொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் நம் கிராமங்களில் எத்தனையோ உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவ அனுஷ்டானத்தில் இருந்துகொண்டே வேலைக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்துக்கு இழைக்கும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் கண்டித்தது. மோசடி என்பது மெய்யே. அதற்கு மூலகாரணம் எது என்ற கேள்வி அந்த நீதிமன்றத்தின் எதிரே அன்று இல்லை.

எனினும் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அரசாங்கத்தைப் பற்றியதன்று. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறிஸ்தவத் தொழிலாளி ஒருவர், இந்துத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1985-இல் உச்சநீதிமன்றம் ஒரு நிபந்தனையைக் கூறியது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது, புதிய சமயச் சூழலிலும் பழைய இழிவுகள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும் என்பதே அது. அந்தத் தொழிலாளியால் அதனை நிரூபிக்க முடியவில்லை. அதற்கான சாட்சியங்களையெல்லாம் தன் வசம் வைத்திருப்பது எது என்று கேட்டால், திருச்சபையே என்றுதான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தில்லியில் நீதி கேட்கும் சபை, ஊரில் தானே செய்த அநீதிக்குத் தானே சாட்சி சொன்னாலன்றி வழக்கு வெல்லாது. இப்படியொரு விசித்திரமான வாதி நம் நியாயஸ்தலங்களில் அபூர்வம்.

சாட்சியங்களுக்குப் பஞ்சமில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரை ஈர்க்கும்பொருட்டுச் சந்நியாசி கோலம் பூண்டு தாழ்த்தப்பட்டோரிடமிருந்து விலகி நின்றார். பின்னர் ஏனைய சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற வேறொரு வகைக் குருக்களை அவர் சபை ஏற்படுத்திற்று. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி பேதம் உடனடியாகவும் அறுதியாகவும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூர்ச் சபையில் எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமன்று. எதிர்த்தவர்களுள் அக்காலத்தின் பெரும் கிறிஸ்தவப் புலவரான வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர் என்பது நாம் வசதியாக மறந்துவிடும் செய்தி. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. விழுப்புரம் பகுதியிலுள்ள எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் மூண்ட கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போனபின்தான் ஓய்ந்தது. அவ்விருவரும் உயர்சாதித் தரப்பினர். இருதரப்பாரும் ஒரே மாதாவின் பிள்ளைகள்.

சபைத் தலைமைக்கு இவை தெரியாதவை அல்ல. 2003-இல் ரோமாபுரிக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களிடையே சாதி உணர்வின் சாயல்கூட இருக்கலாகாது என்று எச்சரித்தார். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022-இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் காணிக்கை செலுத்துவதற்கு ஒரு முறை வகுத்தார். பலிபீடத்தை நெருங்கும்போது, தன்மேல் சகோதரனுக்குக் குறை ஏதோ உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகிவர வேண்டும். நாமோ காணிக்கையையும் செலுத்திவிட்டு, சகோதரனுக்கு நியாயம் செய்யும்படி அரசாங்கத்துக்கு மனுவும் எழுதுகிறோம்.

சிறுபான்மையினருக்கு அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு அளித்துள்ள உரிமையின் பேரால் திருச்சபை நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் தமிழகமெங்கும் இருக்கின்றன. அங்கே ஆசிரியர் நியமனத்திலும் மாணவர் சேர்க்கையிலும் தலித் கிறிஸ்தவருக்கு உரிய பங்கைக் கொடுக்க 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தி எவ்விதத்திலும் குறுக்கே நிற்கவில்லை. குருமடத்தில் யாரைச் சேர்ப்பது, திருவிழாவில் சப்பரம் எந்தத் தெரு வரை செல்வது, பங்குப் பேரவையில் யார் அமர்வது என்பனவற்றுள் ஒன்றுக்கும் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. 2022-இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு அமைத்த ஆணையத்தின் முன் மனுக்களோடு போகும் மறைமாவட்டங்கள், தங்கள் எல்லைக்குள் தனிக் கல்லறை எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் கூடவே எடுத்துச் செல்லலாம். வழக்குக்கு அதைவிட வலுவான ஆவணம் வேறில்லை; அதே பட்டியலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தந்தப் பங்கின் பீடத்திலிருந்து வாசிப்பதும் கஷ்டமில்லை.

மேல்சாதி விசுவாசிகள் சபையைவிட்டுப் போய்விடுவார்களே என்ற அச்சம்தான் எப்போதும் கடைசியில் வெளிவரும் காரணம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், இரண்டு கைகளாய் விரிந்து பலிபீடத்தில் சந்திப்பது. வேளாளர் ஒரு புறமும் நாடார் முதலியோர் மறுபுறமும் இருந்து, ஒருவரையொருவர் பாராமலே குருவானவரைப் பார்க்கும்படி அது கட்டப்பட்டது. 1910-இல் கௌசானல் சுவாமி, ஆயர் பார்த்தின் சம்மதத்தோடு உள்ளே இருந்த தடுப்பை இடித்தார். வேளாளர் சினந்தார்கள், கோயிலைப் பகிஷ்கரித்தார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று வழக்காடினார்கள். தீர்ப்பு ஆயர் பக்கமே வந்தது. வடக்கன்குளம் இன்றும் கிறிஸ்தவ ஊராகவே இருக்கிறது.